ஒரே ஜாவா கேமுக்கு எதற்கு இத்தனை ஜார் கோப்பு?

பழைய மெமரி கார்டிலிருந்து ஜாவா கேம்களை மீட்டெடுத்திருக்கிறீர்கள். ஒரே கேம் ஐந்தாறு ஜார் கோப்பாக (ஜாவா கேமை மொத்தமாகக் கட்டி வைத்திருக்கும் பொதி) இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 128×128, 176×208, கே750 என்று ஏதேதோ ஒட்டியிருக்கிறது. நோக்கியா 6600-ல் ஒழுங்காக ஓடுவது 6300-ல் திரையின் மூலையில் சுருங்கிக் கிடக்கிறது, 6230-ல் ஏறவே மாட்டேன் என்கிறது. "ஜாவா என்றால் எங்கும் ஓடும் என்றுதானே சொன்னார்கள்?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: கையில் இருக்கும் ஒரு ஜார் எந்த ஃபோனுக்காகச் செய்தது, அதை ஓட வைக்க வழி உண்டா என்பது. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன்.

"ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்று ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்குறுதி பைட்கோடுக்கு, அதாவது ஜாவா நிரலைத் தொகுத்தபின் வரும் கட்டளைகளுக்கு, மட்டும்தான் பொருந்தும். இரண்டு எண்ணைக் கூட்டு, இந்த மெத்தடைக் கூப்பிடு என்ற கட்டளைகள் எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரிதான் நடந்தன. ஒரு கேம் வாழ்வது அங்கே இல்லையே. திரை, விசை, சத்தம், நினைவகம், அனுமதி ஆகியவற்றில்தான் அது வாழ்கிறது. இவற்றை விதிமுறை கொஞ்சம் சொல்லி நிறைய விட்டுவைத்தது. விட்ட இடத்தை எல்லாம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்.

ஃபோன் ஜாவாவில் இரண்டு அடுக்கு உண்டு. கீழே இருப்பது சிஎல்டிசி: மொழியும் மெய்நிகர் இயந்திரமும். மேலே இருப்பது எம்ஐடிபி: திரை, விசை, சேமிப்பு, இணையம். இரண்டின் 1.0 பதிப்பும் 2000-ல் வந்தன. எம்ஐடிபி 2.0 2002 நவம்பரில் முடிவானது, சிஎல்டிசி 1.1 2003-ல் வந்தது. எம்ஐடிபி 2.0 ஃபோனில் 1.0 கேம் ஓடும், திருப்பிப் போட்டால் ஓடாது. இது உறுதியான விதி. சிஎல்டிசி விஷயத்தில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 1.0-ல் தசமப் புள்ளி எண்களே கிடையாது. ஃப்ளோட், டபுள் என்று ஒரு வரி இருந்தாலும் அந்த கிளாஸ் (ஜாவா நிரலின் ஒரு துண்டு) ஏறாது. உங்கள் 6600 எம்ஐடிபி 2.0 ஃபோன்தான், ஆனால் அடியில் இருப்பது சிஎல்டிசி 1.0. அதைவிட மலிவான 3220-ல் 1.1 இருக்கிறது. விலை கூடிய ஃபோனில் ஓடாத கேம் மலிவு ஃபோனில் ஓடுவதற்கு இது ஒரு காரணம். இந்தத் தொல்லையால் பலர் கடைசிவரை ஃப்ளோட்டைத் தொடவே இல்லை. 32 பிட் முழு எண்ணை நடுவில் பிளந்து, மேல் 16 பிட்டை முழுப் பகுதிக்கும் கீழ் 16 பிட்டைப் பின்னத்துக்கும் வைத்துக்கொண்டு, பெருக்கும்போது மட்டும் லாங் ஆக்கி 16 இடம் நகர்த்துவார்கள். பழைய கார் ரேஸ் கேம்களின் கணக்கெல்லாம் பெரும்பாலும் அப்படிச் செய்ததுதான்.

இனி திரை. உங்கள் கோப்புப் பெயர்களில் பாதி அதைப் பற்றியவைதான். நோக்கியாவின் சாதாரண ஃபோன் வரிசையான எஸ்40-ன் முதல் வண்ண ஃபோன்கள் 128×128. அதன் ஸ்மார்ட்ஃபோன் வரிசையான எஸ்60-ன் 7650, 3650, 6600 எல்லாம் 176×208. 6230i வந்தபோது 208×208. சோனி எரிக்சன் டி610 128×160. கே700, கே750 176×220. மோட்டோரோலா ரேஸர் வி3-யும் 176×220. சீமென்ஸ் சி55 101×64, எஸ்55 101×80, சி65 130×130. அப்புறம் 6300, என்73 வந்தபோது 240×320, என்80-ல் 352×416, இ61-ல் குறுக்குவாட்டில் 320×240. இன்றைய ஃபோன் செயலி திரை அளவைக் கேட்டுத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும். அன்றைய கேம் அப்படிச் செய்ய முடியாததற்குச் சோம்பல் காரணமில்லை. படங்களை ஓடும் நேரத்தில் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதி எம்ஐடிபியில் கிடையாது. ஒவ்வொரு பிக்சலாக நாமே கணக்குப் போட்டு நீட்டலாம், ஆனால் அதற்கான வேகமும் நினைவகமும் அந்த ஃபோன்களில் இல்லை. அதனால் ஓவியர் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வரைந்தார். 128×128-ல் நாயகனின் உயரம் 20 பிக்சல் என்றால் 240×320-ல் அதே நாயகன் புதிதாகப் பிறக்க வேண்டும். 6300-ல் உங்கள் கேம் மூலையில் நிற்பது இதனால்தான். அது மேல் இடது மூலையிலிருந்து 176×208 பிக்சலை மட்டும் வரைந்துவிட்டு மிச்சத்தைத் தொடுவதில்லை.

அளவு ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீராது. எம்ஐடிபி 1.0-ல் முழுத் திரையைக் கேட்க வழியே இல்லை. மேலே தலைப்புக்கும், கீழே மென்விசைகளின் (திரைக்கு அடியில் இடமும் வலமும் இருக்கும் இரண்டு விசைகள்) பெயர்களுக்கும் ஃபோன் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 128×128 எஸ்40-ல் கேமுக்குக் கிடைத்தது 128×96. 176×208 எஸ்60-ல் 176×144. மூன்றில் ஒரு பங்கு திரையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? நோக்கியா இதற்குத் தன் சொந்த நூலகத்தில் (கேம்கள் பயன்படுத்த ஃபோனிலேயே தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) ஃபுல்கேன்வஸ் என்று ஒரு கிளாஸ் கொடுத்தது. கேம்காரர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஜாரை மோட்டோரோலாவில் போட்டால் ஃபுல்கேன்வஸ் என்ற பெயரே அங்கே இல்லை. கேம் திறந்த நொடியிலேயே செத்துவிடும். சோனி எரிக்சன் நோக்கியாவின் நூலகத்தைத் தன் ஃபோன்கள் பலவற்றில் சேர்த்துக்கொண்டது, அதனால் அங்கே ஓடியது. எம்ஐடிபி 2.0-ல் முழுத் திரை பொது வசதியாக வந்துவிட்டது. ஆனால் 1.0 ஃபோன்கள் இன்னும் கோடிக்கணக்கான கைகளில் இருந்ததால் இரண்டு வகையும் செய்ய வேண்டியிருந்தது.

விசைகள் இன்னும் வேடிக்கை. 0 முதல் 9 வரையும், நட்சத்திரக் குறிக்கும், ஹாஷ் குறிக்கும் எண்களை விதிமுறை நிர்ணயித்தது: 48 முதல் 57, 42, 35. மற்ற எல்லா விசைக்கும் தயாரிப்பாளர் விரும்பிய எதிர்ம எண். நோக்கியாவில் மேல் -1, கீழ் -2, இடம் -3, வலம் -4, நடு விசை -5, இடது மென்விசை -6, வலது மென்விசை -7. மோட்டோரோலாவின் பல மாடல்களில் மேல் -1, இடம் -2, வலம் -5, கீழ் -6, நடு விசை -20, மென்விசைகள் -21, -22. சீமென்ஸில் மென்விசைகள் -1, -4. திசைகள் -59 முதல் -62 வரை. இப்போது நோக்கியாவுக்கு எழுதிய கேமை மோட்டோரோலாவில் ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் அழுத்தினால் சுடும், கீழே அழுத்தினால் மெனு திறக்கும், இடப்பக்கம் அழுத்தினால் ஆள் குனிவான். பழுது ஒன்றுமே இல்லை, எண்கள்தான் மோதுகின்றன. திசைக்கும் சுடுவதற்கும் கேம் ஆக்‌ஷன் என்ற பொது வழி இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் பாதிச் சிக்கலைத் தவிர்த்தார்கள். மென்விசைகளுக்கு அந்த வழியும் இல்லை. சில கேம்கள் முதல்முறை திறக்கும்போது "இடது மென்விசையை அழுத்தவும்" என்று கேட்குமே, அது உங்களை வரவேற்பதற்கில்லை. வரும் எண்ணைப் பார்த்து ஃபோன் எது என்று ஊகிப்பதற்கு.

சத்தத்தைப் பற்றி எம்ஐடிபி 1.0 ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. எச்சரிக்கைப் பெட்டிக்கு ஒரு பீப், அவ்வளவுதான். அதனால் நோக்கியாவுக்கு ஒரு சவுண்ட் கிளாஸ், சாம்சங்குக்கு ஒன்று, சீமென்ஸுக்கு ஒன்று. எம்ஐடிபி 2.0-ல் பொது வழி வந்த பிறகும் மிடி, வேவ் போன்ற ஒலிக் கோப்பு வகைகளில் எது ஓடும் என்பது ஃபோனுக்கு ஃபோன் மாறியது. பின்னணி இசை ஓடும்போது வெடிச் சத்தம் வேண்டுமென்றால் இசையை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பது பல எஸ்40 ஃபோன்களின் நிலை. பழைய கேம்களில் "இசையா, ஒலிகளா" என்று மெனுவில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதனால்தான். முப்பரிமாணத்திலும் இதே கதை: ஜேஎஸ்ஆர் 184 (ஜேஎஸ்ஆர் என்பது ஜாவா விதிமுறை ஆவணம், எண் அதன் வரிசை எண்) என்ற பொது நூலகம் இருந்தபோதே சோனி எரிக்சன் ஃபோன்கள் ஜப்பானின் மாஸ்காட் கேப்சூல் இயந்திரத்தையும் வைத்திருந்தன. அதற்கென்று செய்த கேம் நோக்கியாவில் கிடையாது.

உங்கள் 6230 மறுப்பதற்கு வருகிறேன். அங்கே பெரும்பாலும் கோப்பின் எடைதான் காரணம். எஸ்40-ன் முதல் தலைமுறையில் ஜார் 64 கேபிக்கு மேல் போகக் கூடாது. ஓடும்போது கிடைக்கும் ஹீப் நினைவகம் சுமார் 200 கேபி. 6230 அதற்கு அடுத்த தலைமுறை, கொஞ்சம் தாராளம், ஆனால் எஸ்60-க்காகச் செய்த 300 கேபி கேமை அது ஏற்காது. எஸ்60-ல் ஜாருக்குக் கறாரான வரம்பு இல்லை. ஜார் அளவும் ஹீப்பும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஜாருக்குள் 4 கேபியாக இருக்கும் பிஎன்ஜி படம் திறந்ததும் ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் விரியும். 128×128 முழுத் திரைப் படம் 32 கேபி, 176×208 ஏறக்குறைய 72 கேபி, 240×320 சரியாக 150 கேபி. 200 கேபி ஹீப்பில் இரண்டு பின்னணிப் படமும் நாலு பொம்மையும் வைத்தாலே மூச்சு முட்டும். அதனால்தான் சின்ன ஃபோன் பதிப்பில் நிலைகள் குறைவு, பின்னணி வெறும் நிறம்.

64 கேபிக்குள் அடைக்க ஆட்கள் செய்த வேலையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜார் என்பது ஜிப் கோப்புதான். உள்ளே வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஜிப் வடிவம் 76 பைட்டும், கோப்புப் பெயரின் இரு மடங்கும் உறைக்காக எடுத்துக்கொள்ளும். பிஎன்ஜிக்கு அதன் சொந்த உறை 57 பைட், நிறப்பட்டியல் தனி. 40 சின்னப் படம் இருந்தால் 5 கேபிக்கு மேல் உறைக்கே போய்விடும். எனவே எல்லாப் பொம்மைகளையும் ஒரே நீளப் படமாக ஒட்டி, வரையும்போது வேண்டிய துண்டை மட்டும் கிளிப் செய்து காட்டுவார்கள். கிளாஸ்களையும் குறைப்பார்கள், முழுக் கேமும் இரண்டே கிளாஸில் இருப்பது சாதாரணம். கடைசியில் புரோகார்ட் போன்ற கருவியில் போட்டு எல்லாப் பெயரையும் ஓரெழுத்தாக மாற்றுவார்கள். நீங்கள் ஜாரைத் திறந்தால் ஏ, பி, சி என்று கிளாஸ்கள் தெரிவது இதனால்தான். திருட்டைத் தடுப்பது இரண்டாம் நோக்கம்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த முயலாமலும் இல்லை. 2003-ல் ஜேஎஸ்ஆர் 185 வந்து ஒரு அடித்தளம் போட்டது: எம்ஐடிபி 2.0, குறைந்தது 125×125 திரை, 64 கேபி ஜார், 256 கேபி ஹீப், 30 கேபி சேமிப்பு. 2006-ல் ஜேஎஸ்ஆர் 248 இன்னும் பெரிய பட்டியலோடு வந்தது. என் பார்வையில் முதலாவது உருப்படியான காரியம், இரண்டாவது தாமதம். புளூடூத்துக்கு 82, கோப்புகளுக்கும் தொடர்புகளுக்கும் 75, இருப்பிடத்துக்கு 179 என்று ஒவ்வொரு வசதியும் தனி ஜேஎஸ்ஆர் ஆகி, எதை வைப்பது எதை விடுவது என்பது தயாரிப்பாளர் கையில் இருந்தது. விருப்பம் என்று எழுதிய வரி ஒவ்வொன்றும் ஃபோன்களை இரண்டாகப் பிரித்தது. பத்து வரி இருந்தால் எத்தனை சேர்க்கை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதுவரை சொன்னவை காகிதத்தில் தெரிபவை. காகிதத்தில் தெரியாத ஒரு வகை உண்டு, அதற்கு ஃபோனைக் கையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கேம் ஓடும்போது அழைப்பு வந்தால் சில ஃபோன்கள் "நிறுத்து" என்று கேமின் பாஸ்ஆப் மெத்தடைக் கூப்பிடும், சில "திரை மறைந்தது" என்று ஹைட்நோட்டிஃபை மெத்தடை மட்டும் கூப்பிடும், சில எதுவும் சொல்லாமல் திரையைப் பிடுங்கிக்கொள்ளும். பேசி முடித்து வந்தால் ஆள் செத்திருப்பான். ஒரே மாடலின் இரண்டு ஃபர்ம்வேர் பதிப்பு இரண்டு விதமாக நடப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு கேமுக்கு நூற்றுக்கணக்கான ஜார் உருவாகின. ஒரே மூலநிரலில் "இது நோக்கியா என்றால் இந்த வரி, இல்லையென்றால் அந்த வரி" என்று குறியிட்டு, தொகுக்கும் முன் ஒரு கருவி தேவையற்றதை வெட்டிவிடும். ஜே2எம்இ பாலிஷ், நெட்பீன்ஸின் மொபிலிட்டி பேக் எல்லாம் இதைச் செய்தன. வாப் தளமோ (அன்றைய ஃபோன்களுக்கான இணையத் தளம்) ஃபோன் அனுப்பும் யூசர் ஏஜென்ட் பெயரை வுர்ஃபில் போன்ற ஃபோன் மாடல் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியான ஜாரை மட்டும் கொடுக்கும். அன்று வாப்பில் இறக்கியவருக்கு இத்தனை ஜார் இருப்பதே தெரியாது. உங்களிடம் இருப்பது அந்தப் பின்கதவுக் கிடங்கின் ஒரு மூலை.

ஜாவாவைத் தாண்டியும் உலகம் பிரிந்தே இருந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் டோகோமோ என்ற ஃபோன் சேவை நிறுவனம் 2001 ஜனவரியில் 503i வரிசையோடு கொண்டுவந்த ஐ-அப்ளி செயலிச் சேவை சிஎல்டிசி மேல்தான் நின்றது, ஆனால் எம்ஐடிபி இல்லை, டோஜா. ஆரம்பத்தில் ஜார் வரம்பு 10 கேபி. குவால்காமின் ப்ரூ என்ற செயலித் தளம், சிடிஎம்ஏ ஃபோன்களுக்கு, சி மொழியில். நிறுவனத்தின் சோதனையைத் தாண்டி ஆபரேட்டர் கடை வழியாகத்தான் ஃபோனுக்குள் போகும். அதனால் ப்ரூ கோப்பை மெமரி கார்டில் போட்டு ஓட்டும் பேச்சே இல்லை. தென்கொரியா 2005 ஏப்ரலில் விப்பி என்ற பொதுத் தளத்தைச் சட்டமாகவே கட்டாயமாக்கி, 2009 ஏப்ரலில் நீக்கியது. சிம்பியனோ ஒரே ஓஎஸ் மேல் நோக்கியாவின் எஸ்60, சோனி எரிக்சனின் யூஐக்யூ, ஜப்பானின் மோஆப் என்று மூன்று முகத்தோடு இருந்தது. ஒன்றின் எஸ்ஐஎஸ் (சிம்பியன் செயலிக் கோப்பு) மற்றதில் ஏறாது. உங்கள் கார்டில் எஸ்ஐஎஸ் கோப்பும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2006-ல் எஸ்60 மூன்றாம் பதிப்பு, சிம்பியன் 9.1-ஓடு வந்தபோது கம்பைலர் வடிவமும் பாதுகாப்பு முறையும் அடியோடு மாறின. 6600-ன் எஸ்ஐஎஸ் என்73-ல் ஒருபோதும் ஏறாது, அதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. 6600-ன் ஜார் என்73-ல் ஓடும். ஜாவாவை எவ்வளவு திட்டினாலும், அந்தப் பள்ளத்தைத் தாண்டியது அதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தமிழில் கேட்டதால் சொல்கிறேன். இந்த ஃபோன்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. ஜாவாவில் தமிழ் யூனிகோடை எழுதச் சொன்னால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவைத் திணித்தாலும் "கொ" என்பதில் கொம்பு முன்னே வர வேண்டும் என்று அந்த ஃபோனுக்குத் தெரியாது. ஆகவே தமிழ் காட்டிய செயலிகள் எழுத்துகளைப் படமாகச் சுமந்து சென்றன. கணக்குப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை: உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, தனியாக நிற்கும் துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி 4, ஆக 125 வடிவம், கிரந்தம் தனி. சராசரி 14×16 பிக்சல் என்றால் கருப்பு வெள்ளையில் ஒன்றுக்கு 28 பைட், மொத்தம் 3,500 பைட். 64 கேபி ஜாருக்குள் தாராளமாக உட்காரும். குறுஞ்செய்தியில் இன்னொரு இடி: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடில் 70 குறியீடு. "கொ" ஒன்றே இரண்டு குறியீடு. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-ல் சிங்கப்பூரில் வெளியானபோது இத்தனை தடையையும் தாண்டித்தான் ஜாவா ஃபோனில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தது.

சரி, கையில் இருக்கும் ஜாரைப் பரிசோதிப்போம். ஒரு நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றிக் கணினியில் திறவுங்கள். உள்ளே மெட்டா-இன்ஃப் என்ற கோப்புறையில் மேனிஃபெஸ்ட் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் மைக்ரோஎடிஷன்-புரொஃபைல், மைக்ரோஎடிஷன்-கான்ஃபிகரேஷன் என்று இரண்டு வரி. எம்ஐடிபி எது, சிஎல்டிசி எது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து பிஎன்ஜி படங்களில் மிகப் பெரியதன் அளவைப் பாருங்கள். தொடக்கப் படம் 176×208 என்றால் கேமும் அதற்காகத்தான். படங்கள் தனியாகத் தெரியாமல் பெயரற்ற ஒரே பெரிய கோப்பாக இருந்தால் இந்த வழி உதவாது. மூன்றாவதாக, பிரித்தெடுத்த கிளாஸ் கோப்புகளுக்குள் ஆங்கிலத்தில் நோக்கியா, சீமென்ஸ், மோட்டோரோலா, சாம்சங், மாஸ்காட்கேப்சூல் என்ற சொற்களைத் தேடுங்கள். புரோகார்ட் கேமின் சொந்தப் பெயர்களைத்தான் மாற்றும். ஃபோனின் நூலகப் பெயர்களை மாற்ற முடியாது, அவை அப்படியே வாசிக்கும்படி இருக்கும். ஒரு பெயர் இருப்பதாலேயே மற்ற ஃபோனில் ஓடாது என்று முடிவு செய்ய வேண்டாம். கேம் முதலில் சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் வேறு வழியில் போகும்படியும் எழுதியிருக்கலாம். ஆனால் பதிப்பு, திரை, நூலகம், எடை இந்த நான்கும் பொருந்தினால் ஓட வாய்ப்பு மிக அதிகம்.

ஏற்றும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஜாட் கோப்பால் (ஜாரோடு வரும், அதன் விவரங்களைச் சொல்லும் சின்ன உரைக் கோப்பு) வருபவை. ஜாட்டில் எழுதியிருக்கும் ஜார் அளவு பைட் கணக்கில் சரியாக இருக்க வேண்டும்; ஒரு பைட் பிசகினாலும் 904 என்ற பிழை எண் வரும். கேமின் பெயர், பதிப்பு, தயாரிப்பாளர் மூன்றும் ஜாட்டிலும் மேனிஃபெஸ்ட்டிலும் ஒன்றாக இல்லையென்றால் 905. ஜார் கெட்டுப்போயிருந்தால் 907, பதிப்பு பொருந்தாவிட்டால் 908, கையொப்பச் சிக்கலுக்கு 909, இடம் போதாவிட்டால் 901. கையொப்பம் ஜாட்டில்தான் இருக்கும், ஜாரில் இல்லை. அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதியாகி வருடங்கள் ஆகிவிட்டதால், ஜாட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜாரை மட்டும் ஏற்றுவதுதான் சுலபம். நம்பகமற்ற செயலி என்று ஃபோன் அலுத்துக்கொள்ளும், இணையம், கோப்பு தொடும்போதெல்லாம் அனுமதி கேட்கும், கேம் ஓடும். கையொப்பம் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஃபோனின் தேதியைச் சான்றிதழ் செல்லுபடியான வருடத்துக்குப் பின்னே தள்ளி ஏற்றுங்கள். எஸ்60 மூன்றாம் பதிப்பின் எஸ்ஐஎஸ் கோப்புகளுக்கும் இதே வைத்தியம்தான்.

மேனிஃபெஸ்ட்டில் சிஎல்டிசி 1.1 என்று இருப்பதை 1.0 என்று திருத்தினால் 6600 ஏற்றுக்கொள்ளலாம்; உள்ளே ஃப்ளோட் இல்லாத கேம் என்றால் ஓடவும் செய்யும், இருந்தால் திறக்கும்போது விழும். திருத்திய பின் மறுபடி ஜிப் செய்யும்போதுதான் பலர் தவறுகிறார்கள். வெளிக் கோப்புறையோடு சேர்த்து ஜிப் செய்தால் மெட்டா-இன்ஃப் ஒரு படி உள்ளே போய்விடும், ஃபோன் அதைக் காணாது. கோப்புறைக்குள் போய் உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். மெட்டா-இன்ஃப் என்பது பெரிய எழுத்திலேயே இருக்கட்டும். மேனிஃபெஸ்ட்டின் கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் இருக்கட்டும், இல்லையென்றால் அந்த வரி காணாமல் போகும்.

6600 கேமை என்73 போன்ற எஸ்60 மூன்றாம் பதிப்பு ஃபோனில் முழுத் திரைக்கு விரிக்க நோக்கியா ஒரு வழி வைத்திருந்தது: ஜாட்டில் நோக்கியா-மிட்லெட்-ஒரிஜினல்-டிஸ்ப்ளே-சைஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்து, எதிரே 176,208 என்று கொடுத்தால் ஃபோனே விரித்துக் காட்டும். உங்கள் 6300 எஸ்40 வகை, அதற்கு இதை நம்ப வேண்டாம். 240×320 ஜாரைத் தேடிப் போடுவதே நல்லது. ஃபோனுக்கு அனுப்ப, எஸ்60-க்கும் சோனி எரிக்சனுக்கும் புளூடூத் போதும். எஸ்40-ல் சில மாடல்கள் புளூடூத்தில் வரும் ஜாரை வாங்க மறுக்கும். அதற்கு பிசி சூட் என்ற நோக்கியாவின் கணினி மென்பொருளும் கேபிளும் வேண்டும். இணையத் தளத்திலிருந்து நேராக இறக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், இன்றைய பாதுகாப்பு இணைப்பு இந்த ஃபோன்களுக்குப் புரியாது.

விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் ஆண்ட்ராய்டில் ஜே2எம்இ லோடர், கணினியில் ஃப்ரீஜே2எம்இ இருக்கின்றன. இரண்டிலும் முதலில் செய்ய வேண்டியது, மேலே சொன்னபடி கண்டுபிடித்த திரை அளவை அமைப்பில் கொடுப்பது. தானாகப் பொருந்தட்டும் என்று விட்டால் கேம் மறுபடி மூலைக்குப் போகும். மென்விசை வேலை செய்யாவிட்டால் ஜே2எம்இ லோடரின் விசை அமைப்பை சீமென்ஸ் அல்லது மோட்டோரோலா என்று மாற்றிப் பாருங்கள். கேம் தறிகெட்ட வேகத்தில் ஓடினால், அது நேரத்தைப் பார்க்காமல் ஃபோனின் மெதுவான வேகத்தையே நம்பி எழுதியது. ஒரு நொடிக்கான ஃப்ரேம் வரம்பை 15 அளவில் வைத்துத் தொடங்கி ஏற்றிக்கொண்டே வாருங்கள்.

6230-ல் இதற்கு மேலும் ஏறாத கோப்பு இருந்தால், ஃபோனில் *#0000# அழுத்தி வரும் பதிப்பு எண்ணையும், ஜாரின் எடையையும், மேனிஃபெஸ்ட்டின் அந்த இரண்டு வரியையும் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.